ஊரில் தனியே இருக்கும் பெற்றோருக்கு மின்னணுக் கருவிகள்: வாங்குவது முதல் பழக்குவது வரை

பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் நகரத்திலுமாக வாழும் குடும்பங்களில், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு புதிய கருவியை வாங்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. அப்படி வரும் கருவிகளில் பாதி, அடுத்த பண்டிகைக்குள் அட்டைப்பெட்டியோடு பீரோவின் மேல் ஏறிவிடுகின்றன. என் அம்மாவுக்கு 74 வயது. மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியே இருக்கிறார். ஏழு ஆண்டுகளாக நான் வாங்கிக் கொடுத்தவற்றில் இன்றும் பயன்பாட்டில் இருப்பவை ஐந்தே. அந்த ஐந்து மட்டும் ஏன் நிலைத்தன என்று யோசித்தபோது, விலையோ வசதிகளின் எண்ணிக்கையோ காரணமாகத் தோன்றவில்லை. அம்மாவின் அன்றாடப் பழக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்ட கருவிகள் நிலைத்தன. அவருக்குப் புதிதாக ஒரு வேலையைக் கொடுத்தவை நிலைக்கவில்லை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு பகலும் ஓர் இரவும் அந்த வீட்டில் சும்மா இருந்து கவனியுங்கள். கண்ணாடியைக் கழற்றி எங்கே வைக்கிறார், கைபேசி எந்த அறையில் சார்ஜ் ஆகிறது, மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, இரவில் எழுந்தால் எந்தச் சுவரைத் தடவிக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறார், வழியில் நிலைப்படி இருக்கிறதா, சுவிட்சு கைக்கு எட்டுகிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தத் தாளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

இரவு வெளிச்சம்

முதலில் வாங்க வேண்டியது விளக்குதான் என்பது என் உறுதியான கருத்து. வயதானவர் ஒருமுறை இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் பழைய நடமாட்டத்தை அவ்வளவு எளிதில் மீட்டுத் தர முடியாது. இதற்கு இரண்டு வகை விளக்குகள் தேவைப்படுகின்றன.

ஒன்று, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சென்சார் விளக்கு. நம் உடலின் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகிறது. விளக்கின் முகத்தில் இருக்கும் மங்கலான வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி, எதிரே உள்ள இடத்தைப் பல கூறுகளாகப் பிரித்து உணரிக்குக் காட்டுகிறது. உடல் ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்குக் கடக்கும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை வைத்து விளக்கு எரிகிறது. ஆகையால் நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிட, அதன் முன்னே குறுக்காகக் கடப்பவரை அது விரைவாக உணரும். நடைவழியின் கடைசிச் சுவரில் மாட்டுவதைவிடப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுவதே சரி என்பதற்கு இதுதான் காரணம். முழங்கால் உயரத்தில் மாட்டினால் வெளிச்சம் தரையில் விழும், கண்ணைக் கூசாது. வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளி உறக்கத்தைக் குறைவாகவே கலைக்கும். சித்திரை வெயிலில் அறையின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது இவ்வகை உணரிகள் சற்று மந்தமாக வேலை செய்யும், அது பழுதன்று.

மற்றொன்று, கரண்ட் போனாலும் எரியும் எமர்ஜென்சி பல்பு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு இதைப் போல மலிவான உதவி வேறில்லை. சாதாரண பல்பு மாட்டும் ஹோல்டரிலேயே இதையும் மாட்டிவிடலாம். உள்ளே சிறிய லித்தியம் அயனி பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது எரிந்துகொண்டே சார்ஜ் ஆகும், நின்றதும் பேட்டரியில் எரியும். ஆனால் சுவரில் உள்ள சுவிட்சு போட்டபடியே இருந்தால்தான் அது எரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மின்சாரம் நின்றுவிட்டதா, அல்லது நாமே சுவிட்சை அணைத்தோமா என்பதை, வீட்டின் மற்ற சாதனங்கள் வழியாகத் தன் இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தே பல்பு அறிகிறது. கழற்றிய பல்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளையும் விரலால் தொட்டால் அது எரிவதும் இதனால்தான். எனவே மாலையில் விளக்கேற்றும் நேரத்திலிருந்து படுக்கும்வரை எப்படியும் எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் இதை மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அது கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழி. என்றோ ஒருநாள் மட்டும் எரியும் அறையில் மாட்டினால் பேட்டரி நிறையாது, தேவைப்படும் இரவில் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். அந்தச் சுவிட்சின் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டால், எதை அணைக்காமல் விட வேண்டும் என்பது மறக்காது.

ரத்த அழுத்தக் கருவி

வீட்டுக்கு வரும் கருவிகளில் மிகுந்த பயனும் மிகுந்த குழப்பமும் தருவது இதுவே. முதல் மாதத்தில் ஒருநாள் அம்மா தொலைபேசியில் பதறினார்: மேலே 168, கீழே 94. விசாரித்தபோது தெரிந்தது, கொல்லைப்புறத்திலிருந்து வந்த கையோடு, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். கால் மணி நேரம் கழித்து, நான் சொன்னபடி உட்கார்ந்து பார்த்தபோது 142, 86 என்று வந்தது. கருவி இரண்டு முறையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உட்கார்ந்த விதம்தான் மாறியிருந்தது.

வாங்கும்போது, மணிக்கட்டில் கட்டும் வகையைத் தவிர்த்து, முழங்கைக்கு மேலே புஜத்தில் கட்டும் வகையையே தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டு வகையை ஒவ்வொரு முறையும் இதயத்தின் உயரத்துக்குச் சரியாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது கடினம். அடுத்து, தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவால், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கருவியோடு வரும் பட்டையின் மேல் அது எத்தனை செ.மீ. கைக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். 22 முதல் 32 செ.மீ. வரை என்பது பொதுவான அளவு. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைக் கட்டினால் குறைவாகவும் காட்டும். கருவியின் துல்லியத்தை மருத்துவ முறைப்படி சோதித்திருக்கிறார்களா என்பதை ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற இணையதளத்தின் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்க்கலாம். புளூடூத் இணைப்பு, வண்ணத்திரை ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, பெரிய எழுத்துத் திரையும் சரியான பட்டையும் உள்ள எளிய மாடலை வாங்குவது மேல்.

பார்க்கும் முறையை நிதானமாகச் சொல்கிறேன். காபி, டீ குடித்தோ வேலை செய்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசையின் மேல், பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். மேசை தாழ்ந்திருந்தால் கைக்கு அடியில் ஒரு தலையணை போதும். இதயத்தைவிடக் கை 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலே, ரத்தத்தின் எடையால் ஏறக்குறைய 8 மி.மீ. (திரையில் தெரியும் எண்ணில் 8) கூடுதலாகக் காட்டும். பட்டையை வெறுங்கையில்தான் கட்ட வேண்டும். ரவிக்கையின் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டுப்போல் இறுக்கி அளவைக் கெடுக்கும் என்பதால், அம்மா இதற்கென்றே கைப்பகுதி தளர்வாகத் தைத்த ஒரு பழைய ரவிக்கையை வைத்திருக்கிறார். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி. அது காற்றடைத்து இறுக்கும்போது பேசக் கூடாது, “வலிக்குதா?” என்று நாமும் கேட்கக் கூடாது.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன்பும், மாலையிலும் என ஒரு வாரம் பார்த்து, முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தால் மருத்துவருக்குத் தெளிவான படம் கிடைக்கும். வீட்டில் பார்க்கும்போது அந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று கொள்வது வழக்கம். நாளுக்குப் பத்து முறை பார்ப்பதும், ஓர் அளவைக் கண்டு பயந்து மாத்திரையைத் தாமே கூட்டுவதும் குறைப்பதும் கூடவே கூடாது. ஆனால் 180/120-ஐத் தாண்டிக் காட்டுவதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இந்தக் கருவி மருத்துவரைப் போல ஒலியைக் கேட்டு அளப்பதில்லை. பட்டைக்குள் உள்ள காற்றில் நாடித்துடிப்பு உண்டாக்கும் சிறு அதிர்வுகளை உணர்ந்து, அவற்றிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆகவே துடிப்பு ஒழுங்கற்றுள்ள இதய நோயாளிகளுக்கு அதன் கணக்கு தவறலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே இதை வாங்க வேண்டும். முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, எதில் கூடுதலாகக் காட்டுகிறதோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும் பார்ப்பது முறை.

எழுதி வைப்பதற்கு நான் தனி நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இரண்டே வாரத்தில் காணாமற்போயிற்று. சமையலறைக் கதவில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களில் அம்மா இருபது ஆண்டுகளாகப் பால் கணக்கு எழுதி வருகிறார். நூலில் கட்டிய பேனா ஒன்று அதன் ஆணியிலேயே தொங்கும். ‘1½’ என்று பால் அளவு எழுதும் அதே கட்டத்தில், அதன் கீழே ரத்த அழுத்தத்தையும் எழுதச் சொன்னேன். அன்றிலிருந்து எழுதாமல் விட்ட நாள் மிகக் குறைவு. மருத்துவரிடம் போகும்போது காலண்டர் தாளையே மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்.

கைபேசியும் காதும்

புதிய கைபேசி வாங்கித் தருவதற்கு முன், இருப்பதை ஒரு மணி நேரம் செலவிட்டுச் செப்பனிட்டாலே பெரும்பாலும் போதும். செட்டிங்ஸில் எழுத்தின் அளவு, திரையில் தெரியும் பொருள்களின் அளவு இரண்டையும் பெரிதாக்குங்கள். முகப்புத் திரையில் தொலைபேசி, வாட்ஸ்அப், கேமரா, டார்ச் நான்கை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். அடிக்கடி பேசுபவர்களின் படத்தைப் பெயரோடு சேர்த்தால், படித்துத் தேட வேண்டியதில்லை, முகத்தைத் தொட்டாலே அழைப்பு போகும்படி வைக்கலாம். தட்டச்சு கடினமானால் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக் பொத்தானைத் தொட்டுத் தமிழிலேயே பேசலாம், எழுத்தாக வந்துவிடும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைக் கேமராவால் படம் பிடித்து விரலால் விரித்துப் பார்ப்பதைக் கற்றுக்கொடுத்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியே தேவைப்படாது.

அவசர உதவிக்கான வசதியைக் கட்டாயம் அமைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் பவர் பொத்தானை ஐந்து முறை விரைவாக அழுத்தினால் அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். செட்டிங்ஸில் பாதுகாப்பும் அவசரநிலையும் பற்றிய பகுதியில் அது இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் எண்ணையும் சேர்த்து வையுங்கள். பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்களுக்கு 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் 112-க்கு அழைப்பு போகும் வசதி, 2016-இல் வந்த விதியின்படி அமைக்கப்பட்டது. சோதித்துப் பார்க்கிறேன் என்று 112-ஐ வீணாக அழைக்க வேண்டாம். பூட்டிய திரையிலேயே தெரியும்படி ரத்த வகை, உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை, பிள்ளைகளின் எண் ஆகியவற்றை மருத்துவத் தகவலாக எழுதி வைக்கும் வசதியும் உண்டு.

இன்னொன்றையும் அப்போதே பேசிவிட வேண்டும். காவல்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வீடியோ அழைப்பில் ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்குத் தனியே இருக்கும் முதியவர்களே எளிதில் இரையாகிறார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. “யார் மிரட்டினாலும் போனை வை, எனக்கு அடி” என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணும், முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் காலண்டரின் மேற்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன.

கைபேசியில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசுகிறார் என்றால், அது கைபேசியின் குறையாக இல்லாமல் காதின் குறையாக இருக்கலாம். காது கேட்கும் கருவியை இணையத்தில் மலிவாக வாங்கிவிடாமல், செவித்திறன் நிபுணரிடம் பரிசோதித்து, அவர் அமைத்துத் தருவதையே வாங்க வேண்டும். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பெருக்கும் கருவி காதுக்கு இரைச்சலைத்தான் தரும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இக்கருவி இலவசமாகவே தரப்படுகிறது. பேட்டரி மாற்றும் வகையாக இருந்தால், அட்டையில் உள்ள ஒட்டுத்தாளின் நிறத்தைப் பழக்குங்கள்: 10-ஆம் எண்ணுக்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனால் இயங்குபவை. ஒட்டுத்தாளை உரித்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் காற்றில் வைத்திருந்து கருவிக்குள் போட்டால் நன்றாக உழைக்கும். ஒருமுறை உரித்தால் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. கடலோர மாவட்டங்களின் ஈரக்காற்று இந்தக் கருவிக்குப் பெரும் பகை. இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட சிறு டப்பாவில் வைத்து மூட வேண்டும்.

நான் வாங்கித் தந்து நிலைக்காதவற்றில் ஸ்மார்ட் கடிகாரம் முதலாவது. கீழே விழுந்தால் தானே தகவல் சொல்லும் வசதி நல்லதுதான். ஆனால் தினமோ ஒன்றுவிட்ட நாளோ கழற்றி சார்ஜ் போட வேண்டிய பொருளை, கைக்கடிகாரமே கட்டிப் பழகாதவர் தொடர்ந்து கட்டமாட்டார். ஏற்கெனவே கடிகாரம் கட்டும் வழக்கமுள்ள அப்பாக்களுக்கு அது பொருந்தலாம். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் தேடு கருவியை, பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், நுரையீரல் தொல்லை உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும் போதும். நகப்பூச்சும் மருதாணியும் அதன் அளவைக் கெடுக்கக்கூடும்.

சார்ஜும் பழக்கமும்

சார்ஜ் போடும் எல்லாக் கருவிகளும் டைப்-சி துளை உள்ளவையாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி முதலியவற்றுக்கு இதைக் கட்டாயமாக்கிய பிறகு, புதிய கருவிகள் பெரும்பாலும் இந்தத் துளையோடுதான் வருகின்றன. எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும் என்பது நடுங்கும் கைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சில மலிவான கருவிகள் இரு முனையும் டைப்-சியாக உள்ள வயரில் சார்ஜ் ஆவதில்லை. ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பியாக இருக்கும் வயரில்தான் ஆகும். எனவே வாங்கிய அன்றே, அந்த வீட்டில் இருக்கப்போகும் சார்ஜரிலும் வயரிலும் செருகிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்ப வேண்டும். சார்ஜரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். சார்ஜ் போடும் இடம் ஒன்றே ஒன்றாக, இடுப்பு உயரத்தில், குனியாமலும் எட்டாமலும் செருகக்கூடியதாக இருக்கட்டும். படுக்கையின் மேலோ தலையணைக்கு அடியிலோ எதையும் சார்ஜ் போடக் கூடாது. பேட்டரி உப்பிய கருவியை அழுத்தாமல், குத்தாமல், குப்பையிலும் போடாமல் மின்கழிவு பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

பழக்கும்போது நம் கை கருவியைத் தொடவே கூடாது. “நான் செஞ்சு காட்டறேன், பாரும்மா” என்று நான் செய்து காட்டியவை எல்லாம் அடுத்த வாரமே மறந்துபோயின. “இப்ப பார்க்கிறப்ப புரியுதுப்பா, நீ பஸ் ஏறினதும் மறந்துடுது” என்று அம்மாவே சொன்ன பிறகுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. இப்போது கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் வாயால் மட்டும் சொல்கிறேன். அன்றே ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை, கிளம்புவதற்கு முன் சொல்லாமலே ஒருமுறை என மூன்று முறை அவர் தானாகச் செய்துவிட்டால் அது கையில் நின்றுவிடும். ஒரு பயணத்தில் ஒரு கருவிக்கு மேல் பழக்குவதில்லை. வழிமுறையை எழுதி ஒட்டுவதாக இருந்தால், கையேட்டின் சொற்களை விட்டுவிட்டு அவர் சொல்லும் சொற்களில் எழுதுங்கள்; எங்கள் ரத்த அழுத்தக் கருவியின் மேல் ‘நீலத்தை அமுக்கு, பேசாதே’ என்று மட்டும் ஒட்டியிருக்கிறது.

ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் கருவிகளைச் சுற்றிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ரத்த அழுத்தக் கருவியின் பேட்டரிகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். சென்சார் விளக்கின் முகத்தில் படிந்த ஒட்டடையை உலர்ந்த துணியால் துடையுங்கள். கைபேசியில் தானே வந்து அமர்ந்துகொண்ட செயலிகளை நீக்குங்கள். பிறகு, இருட்டிய பின் அவரிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். நடைவழியில் உள்ள பல்பு எரிகிறதா, கட்டிலிலிருந்து எழுந்து வரும் அவருடைய கால் நிலைப்படியைத் தாண்டும் இடம்வரை வெளிச்சம் போகிறதா என்று நீங்களும் கூடவே நடந்து பாருங்கள்.